ஒன்பதாம் மாடி வாக்கியம்

"எல் ஆர்பித்ரோ எஸ்தா சியெகோ" என்று மூன்றாம் மாடிக் கதவிடம் சொல்லிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் அதன் பூட்டுக்கு எண்ணெய் விட்டார். நடுவருக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தம். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றிருந்தார். கதவின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.

மேலே மோட்டார் அறையிலிருந்து வயர்மேனின் குரல் வாக்கி டாக்கியில் வந்தது. "என்னண்ணே, மந்திரமா? கயிறு அறுந்துடப் போகுது."

"ஸ்பானிஷ்யா. நாலாவதுக்குப் போறேன், கைய எடு."

மகள் ஸ்பானிஷ்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்குப் போனவர் நான்கு நாளும் சம்பந்தியின் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். 'அவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை' என்று சம்பந்தி பிறகு சொன்னாராம். மகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த மனிதர் இப்போது மகள், மாப்பிள்ளையோடு மூன்று நாள் தங்க வருகிறார். கால்பந்து என்றால் மட்டும் பேசுவார். மெக்கானிக்குக் கால்பந்தில் தெரிந்தது பந்து உருண்டை என்பதுதான்.

மகளிடம் பன்னிரண்டு வாக்கியம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். அவர் லிஃப்ட் பார்க்கிற இந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடி. மாடிக்கு ஒன்றாக ஒட்டினார். மாதம் ஒருமுறை சர்வீஸ் போதும். இவர் வாரம் இரண்டு முறை வந்தார். குடியிருப்புச் செயலாளர் இப்படி ஒரு பொறுப்பான ஆளைப் பார்த்ததில்லை என்றார். வேண்டியது ஒன்பதாம் மாடியில் இருந்தது: அடுத்த மேட்சைச் சேர்ந்து பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போனார்கள். சோபாவில் சம்பந்திகள் இருவர் மட்டும். மெக்கானிக் தொண்டையைச் செருமினார். முதல் வாக்கியமே வரவில்லை. சம்பந்தி ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் போனுக்குத் திரும்பினார்.

சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, ரெண்டு மாசமா லிஃப்ட்டுக்குள்ள கத்தினீங்களாம். இப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள்.

மெக்கானிக் எழுந்து சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். செருப்புப் போடக்கூட விடாமல் வெளியே கூட்டிக்கொண்டு போய், தங்கள் கட்டட லிஃப்டில் ஏற்றி ஒன்றை அழுத்தினார். முதல் மாடியில் கதவு திறந்தது.

"வியோ எல் பர்தீதோ?" மேட்ச் பார்த்தீர்களா?

சம்பந்தி அவரையே பார்த்தார். பிறகு கதவு மூடும்வரை பேசினார். மெக்கானிக்குக் காற்புள்ளிகூடப் புரியவில்லை. இரண்டாம் மாடியில், ரொம்ப மோசமான ஆட்டம் என்றார். மூன்றாவதில் நடுவருக்குக் கண் தெரியவில்லை. சம்பந்தி லிஃப்ட் சுவரை அறைந்து சிரித்தார். நான்காவதில், நல்ல கோல்கீப்பர் வேண்டும். ஐந்தாவதில், இடதுபக்கம் ஓடுகிற பையன் கெட்டிக்காரன். அதற்குமேல் அந்தக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டிதான்.

சம்பந்தி விரலை மேலே காட்டிப் புருவத்தை உயர்த்தினார். மெக்கானிக் ஒன்பதாவதை நினைத்துப் பார்த்தார். ஆறும் ஏழும் எட்டும் இல்லாமல் அது வரவில்லை. கையை விரித்தார்.

வெளியே பையோடு நின்ற ஐந்தாம் மாடி டீச்சர், "சார், ஏறலாமா? இல்ல இன்னும் கொஞ்சம் மீட்டிங் இருக்கா?" என்று கேட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சம்பந்தி மகளிடம் ஏதோ கேட்டார்.

"அப்பா, ஆறாவது மாடியில என்ன இருக்குன்னு மாமா கேக்கறாரு."

"நாளைக்குக் காட்டறேன்னு சொல்லும்மா."

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். காவலாளி நோட்டில் 'ஆள் இரண்டு' என்று எழுதிக்கொண்டான். மெக்கானிக் கீழே 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டினார். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று போயிற்று. ஒன்பதாவதில், "எல் ப்ரோக்ஸிமோ லோ வேமோஸ் ஹுன்தோஸ்" என்றார். சம்பந்தி "சி" என்றார், ஆமாம் என்று. போனை எடுத்துக் காட்டினார். ஞாயிறு, நான்கு மணி. மெக்கானிக் தலையாட்டினார். இன்னும் மூன்று மாடி போனார்கள். பிரேக்கைச் சோதித்தார்கள். கீழே வந்தபோது எட்டாம் மாடியிலிருந்து ஒருவர் படியிறங்கி வந்து சத்தம் போட்டார். பலகையைக் கழற்றிவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தார்கள்.