அப்பா போட்ட கூரைப் பஞ்சு

ஒரு தைப்பொங்கலன்று எங்கள் வீட்டுக்குள் மழை பெய்தது. மொன்றியலை ஒட்டிய லவாலில் நாங்கள் புதிதாக வாங்கிய பழைய வீட்டின் குசினியில், அடுப்பருகே நின்ற, டொரன்டோவிலிருந்து வந்திருந்த பெரிய மாமாவின் வழுக்கைத் தலையில்தான் முதல் துளி விழுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அந்தத் துளியைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் டொரன்டோவில் இருந்தார்கள். அம்மாவுக்கும் அங்கே போய்விட ஆசை. இந்த மொன்றியல் குளிர் தனக்கு ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். டொரன்டோவில் மட்டும் வெயிலா எரிக்கிறது என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா குளிர் என்று சொன்னதில் பாதிக்கு மேல் தனிமை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவின் வேலையும் சிநேகிதர்களும் இங்கேதான். கடைசியில் அந்தப் பொங்கலுக்கு முந்திய கோடையில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

"இந்த ஒரு விண்டர் இருந்து பாப்பம். வீடு சூடா இருந்தா இருக்கிறன். இல்லாட்டி வித்துப்போட்டு அண்ணையிட்டைப் போவம்" என்றார் அம்மா. அப்பா ஓம் என்றார்.

நான் மாமாவின் கட்சி. அவர் வீட்டில் எனக்கு மச்சாள்மார் இருந்தார்கள், கீழ்த்தளம் முழுக்க விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. அதனால் இந்த வருஷம் குளிரைக் கொஞ்சம் கூட்டிக் கொடு என்று சாமித்தட்டுப் பிள்ளையாரிடம் ஒழுங்காகக் கேட்டு வந்தேன்.

அப்பா கூரையில் கை வைத்தார். வீட்டுக்குள் அறைகளுக்கு நடுவே போகும் நடையின் முகட்டில் இருந்த சதுரக் கதவைத் திறந்தால், மேலே நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இருட்டறை. குளிர் இறங்காமலிருக்க முந்திய காலத்தவர்கள் அதில் மரச்சீவலைக் கொட்டி வைத்திருந்தார்கள். அது நரைத்து, அமுங்கி, எலிப்புழுக்கையோடு கிடந்தது. அதை அள்ளிவிட்டுப் புதிய பஞ்சு போட வேண்டும். ஆள் பிடித்துச் செய்யலாமே என்று அம்மா கேட்டார். "என்ரை வீட்டை நான்தான் சூடாக்குவன்" என்றார் அப்பா. அதில் அவருக்கு அப்படியொரு வீறாப்பு.

டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்த சித்தப்பா துணைக்கு வந்தார். வெள்ளை மேலுடுப்பும் முகமூடியும் மாட்டியதும் இருவரில் யார் யாரென்றே தெரியவில்லை. தும்மலை வைத்துத்தான் அப்பாவைக் கண்டுபிடித்தேன். கறுப்புக் குப்பைப் பைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வாசலை நிறைத்தன. பிறகு ரோஸ் நிறக் கண்ணாடிப் பஞ்சுச் சுருள்கள் மேலே ஏறின. அந்தப் பஞ்சு பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அப்பா சொறிந்துகொண்டு திரிந்தார். அம்மா திட்டிக்கொண்டே அவருக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார்.

கூரை விளிம்பு நெடுகச் சிறு சிறு ஓட்டைகள் இருப்பதை அப்பா கண்டுபிடித்தது அப்போதுதான். இதை அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு திருட்டைப் பிடித்தவர்போலச் சொன்னார்.

"குளிர் வர வாசல் திறந்து விட்டிருக்கிறாங்கள்!"

"வேணுமெண்டுதான் விட்டிருப்பாங்களோ, அண்ணை?" என்றார் சித்தப்பா.

"உனக்கென்ன விசரே? பனி கொட்டுற நாட்டிலை ஆரும் வேணுமெண்டு ஓட்டை விடுவினமே?"

யாழ்ப்பாணத்தில் காற்று வரவேண்டும் என்பதற்காகச் சுவரில் ஓட்டை விட்டு வீடு கட்டுவார்கள். அப்படியானால் காற்று வேண்டாத ஊரில் ஓட்டையை அடைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு ஓட்டை விடாமல் பஞ்சை வைத்து இறுக்கி அடைத்தார்கள்.

வீடு சூடானது. மார்கழியில் அம்மா வீட்டுக்குள் காலுறையைக் கழற்றிவிட்டு நடந்தார். அப்பா அந்தக் கால்களை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டார். எனக்குப் பிள்ளையாரில் நம்பிக்கை விட்டுப்போயிற்று.

பிறகு பொங்கல் வந்தது. மாமா பொங்கலுக்கு வருவதாகத்தான் சொன்னார். வந்து சப்பாத்தைக் கழற்றியதுமே சுவரைத் தொட்டுப் பார்த்தார். பல நாட்களாக உறைந்து கிடந்த ஊர் அன்று காலை திடீரென்று இளகி, வாசல் பனி சேறாகியிருந்தது. அம்மா அடுப்பில் பெரிய பானையை ஏற்றினார். யன்னல்கள் ஆவியில் வெளுத்தன. பால் பொங்கி வழிந்து, நாங்கள் ஆரவாரம் செய்து முடிக்கவும், மாமா தலையைத் தடவிக்கொண்டு மேலே பார்க்கவும் சரியாக இருந்தது. முகட்டில் மண்ணிறத்தில் ஒரு வட்டம் பரவியிருந்தது. சற்று நேரத்தில் நடையிலும் சொட்டியது. அம்மா இருக்கிற சட்டி, வாளியெல்லாம் எடுத்து வைத்தார்.

"என்ன மச்சான், குசினிக்குள்ளை ஷவர் பூட்டியிருக்கிறியள்?" என்று மாமா சிரித்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "சரி, சோதினை முடிஞ்சுது. வித்துப்போட்டு வாங்கோ" என்றார்.

அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்ற அப்பாவின் முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. அன்றைக்கோ எந்தப் பொம்மையை முதலில் பெட்டியில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு வந்திருந்த சித்தப்பா ஏணியில் ஏறி மேலிருந்து கத்தினார். "கூரை உடையேல்லை, அண்ணை. உள்பக்கப் பலகையிலையும் ஆணியிலையும் ஐஸ் பிடிச்சு, இப்ப உருகுது!"

கூரை உடையாமல் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஆண்கள் மூவரும் வாதாடினார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி எல்லாம் மேலைதானே போகுது" என்றார். "சட்டியை இறுக்கி மூடினா மூடியிலை தண்ணி நிக்கும். ஓட்டையள் எல்லாத்தையும் அடைச்சா அது எங்காலை போறது?"

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலையை மாற்றி, அப்பாவின் காற்சட்டையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு வந்து ஏணியில் ஏறினார். அப்பாவும் பின்னால் ஏறினார். அம்மா ஏணி ஏறி நான் அதற்குமுன் கண்டதில்லை. நானும் ஏறித் தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.

டோர்ச் வெளிச்சத்தில் இருவரும் தவழ்ந்துபோய், விளிம்பை அடைத்த பஞ்சை இழுத்து இழுத்து எடுத்தார்கள். குளிர்காற்று என் முகத்தில் அடித்தது. திரும்பி வரும்போது அம்மா ஓரிடத்தில் நின்றுவிட்டார். மற்ற இடமெல்லாம் பஞ்சு பாய் விரித்ததுபோலக் கிடக்க, அங்கே மட்டும் பெரிய குவியலாக இருந்தது.

"இதென்ன, இஞ்சை மட்டும் கும்பமாக் கிடக்கு?"

"மிச்சம் வந்தது" என்றார் அப்பா.

"எங்காலை மிச்சம்?" என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்த சித்தப்பா. "உதுக்கெண்டே திரும்பவும் கடைக்குப் போனவர்."

அம்மா டோர்ச்சைக் கதவுப் பக்கம் திருப்பினார், பிறகு குவியலின் பக்கம் திருப்பினார். கீழே எந்த அறை, அறையில் எந்த மூலை என்று பார்த்திருப்பார். அது கட்டிலில் அம்மா படுக்கும் பக்கம். அப்பா படுக்கும் பக்கத்துக்கு மேலே மெல்லிய ஒற்றைப் படைதான் இருந்தது. அம்மா முகமூடிக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இறங்கி வந்ததும் மாமாவின் இலையில் பொங்கலை வைத்தார். "நாங்கள் இஞ்சையே இருக்கிறம், அண்ணை" என்றார்.

நான் ஓவென்று அழுதேன். வீட்டுக்குள் மழையே பெய்திருக்கிறது, அம்மா ஏன் இப்படி மாறிப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பஞ்சுத் தூசு கண்ணில் பட்டு அம்மாவுக்குப் புத்தி குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அப்பாவுக்குப் பஞ்சைச் சமமாகப் பரப்பக்கூடத் தெரியவில்லை என்றும் நினைத்தேன்.