குறட்டை நின்ற வீடு

டாக்டர் கொடுத்த மூச்சு மெஷினை என் தம்பி ஆறு மாதமாக அலமாரிக்கு மேலே துண்டு போர்த்தி வைத்திருந்தான். குளுவாங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் காய் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன் அவன். சிவப்பு விளக்கில் நின்ற லோரியில் அப்படியே தூங்கிப்போய், பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து எழுப்பிய பிறகுதான் பரிசோதனைக்கே போனான். தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள்.

நான்தான் கூடப் போயிருந்தேன். "மாஸ்க்க தினமும் போட்டுத் தூங்குறவங்க ரொம்ப வருஷம் நல்லா இருக்கறதப் பாக்குறோம். உறுதி குடுக்க முடியாது. ஆனா பெட்டியிலயே இருந்தா ஒண்ணுக்கும் ஆகாது," என்றார் டாக்டரம்மா. பிறகு, வீட்டில் யாராவது தூக்கத்தில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். "எங்க அப்பா. நல்ல சாவு டாக்டர்," என்று முந்திக்கொண்டு சொன்னேன். முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறோம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தம்பியின் அட்டையில் அதை எழுதிக்கொண்டார். பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பார்வை என்னை விடவில்லை.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அப்பா போனது ரெங்கத்தில், நாங்கள் வளர்ந்த வீட்டில், ஒரு ஞாயிறு மதியம். அப்பா சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார். எனக்கு ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசிப் பரீட்சை. அவர் விட்ட குறட்டையில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. திடீரென்று சத்தம் நின்றது. "அப்பாடா!" என்றேன், வாய்விட்டு. அந்த வார்த்தைக்குள்ளே யார் இருக்கிறார் என்று அப்போது யார் யோசித்தார்கள்? ஒரு மணி நேரம் சுகமாகப் படித்தேன். கோயிலிலிருந்து வந்து அம்மா எழுப்பியபோது அப்பா எழவில்லை. "குடுத்து வச்ச மனுசன், தூக்கத்துலயே போயிட்டாரு," என்றார்கள் வந்தவர்கள் எல்லாம். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், சண்டை போடவே குளுவாங்குக்குப் போனேன். மெஷினை இறக்கி, துண்டை உதறி, தம்பியின் கட்டில்மேல் வைத்தேன்.

"போடுடா."

"வேணாம்லா அக்கா. மூஞ்சில தண்ணிக் குழாயக் கட்டின மாதிரி இருக்கு."

"மூணு பிள்ளைங்கள வச்சிருக்க. சாகப் போறியாடா, எருமை?"

அவன் மனைவி சமையலறைக்குள் நழுவிவிட்டாள். யாரிடமும் சொல்லாததை அந்தக் கோபத்தில் சொல்லிவிட்டேன். அப்பாவின் குறட்டை நின்றதைக் கேட்டேன், சந்தோஷப்பட்டேன் என்று.

அப்பா இறந்தபோது தம்பிக்குப் பத்து வயது.

"நானும் கேட்டேன்க்கா. பக்கத்துலதான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். முழிச்சிட்டாரு, ஏசப் போறாருன்னு பயந்து டிவி சத்தத்தக் குறைச்சேன்."

அவன் மெஷினைத் தொட்டுக் காட்டினான்.

"இதப் போட்டா குறட்டையே வராது. அதுதான்க்கா பயமா இருக்கு. இப்ப நான் குறட்டை விட்டா பிள்ளைங்க சிரிக்குதுங்க. சத்தமே இல்லன்னா, நான் இருக்கேனா போயிட்டேனான்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை. "நான் பக்கத்துல இருக்கேன், போடு," என்றேன். பட்டையை நானே அவன் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிவிட்டேன். வாரம் முழுக்க லோரி ஓட்டிய களைப்பு, சீக்கிரமே கண் அசந்தான். மெஷின் லேசாகக் காற்று விட்டது, அவ்வளவுதான். வீடே அமைதியாகிவிட்டது. நல்லதுதானே நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறின மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது. கால் மணி நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு தோளையும் பிடித்துப் பேய் பிடித்தவளைப் போல உலுக்கினேன்.

"டேய், எழுந்திரு! எழுந்திருடா!"

அவன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "என்னக்கா நீ! எத்தனையோ வருஷத்துல இப்பத்தான் நல்லாத் தூங்குனேன்!"

அவனே மாஸ்க்கை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு படுத்தான். அவன் மனைவிதான் ஓடிவந்து, என் கையைப் பிடித்து அறைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.