நிமிர்ந்து நிற்க ஒரு கூடாரம்

பிள்ளைகளின் விடுமுறைக்குக் கடற்கரையில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவது என்று முடிவானது. நாங்கள் எட்டுப் பேர். கூடாரம் வாங்கப் பசுந்தாங் பேட்டைக் கடைக்கு என் கணவரின் அண்ணன் முன்னால் நடந்தார். தேர்ந்தெடுப்பது அவர் வேலையாம்.

அவர் காட்டியது நெஞ்சளவு உயரம். "எட்டுப் பேர் தாராளமாப் படுக்கலாம், அமா" என்று பர்மாக் கடைக்காரரும் என்னை அக்கா முறை சொல்லி ஒத்து ஊதினார். படுக்கலாம், கருவாடு அடுக்கின மாதிரி. உள்ளே தவழ்ந்து போய் எழுந்தேன். தலை துணியில் முட்டியது.

"இதுக்குள்ள எப்படி மச்சான் தொழுறது?"

"ஆம்பளைங்க வெளிய மணல்ல தொழுதுக்குவோம். பொம்பளைங்க உள்ள உட்கார்ந்தே தொழுங்களேன்."

"உட்கார்ந்து தொழ எனக்கென்ன கால் ஒடிஞ்சா போச்சு?"

கடை மூலையில், காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் அடிக்கும் பெரிய கூடாரம் ஒன்று நின்றது. அதற்குள் போய்க் கைகளைக் காதுவரை உயர்த்தினேன். குனிந்தேன். நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தேன். எதுவும் இடிக்கவில்லை. கடையே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

"இதுதான்" என்றேன்.

"இத்தனை கனத்தை யாரு சுமக்கிறது?"

"நான்."

சுமந்தேன்.

இரண்டாம் நாள் அஸர் தொழுகை நேரத்தில் மழை கொட்டியது. வெளியே மணலில் தொழப் போன மச்சான் சட்டை சொட்டச் சொட்டக் கூடார வாசலில் வந்து தயங்கினார்.

"உள்ள வாங்க மச்சான்" என்றேன். "நின்னே தொழலாம்."