பெயரை அழித்தவருக்கு இசக்கிசெல்வி செய்தது

இசக்கிசெல்வி கோபக்காரி. அதை மறைத்து எழுதினால் அவளே வந்து சண்டை பிடிப்பாள். சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் சண்முகையாவின் மூத்த மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் சங்கரசுப்பு நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜெராக்ஸ் எடுப்பாள், விண்ணப்பம் நிரப்புவாள். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு செயலி எழுதினாள்.

தறி நின்றால் சொல்லும் செயலி அது. பாவு நூல் அறுந்தோ மோட்டார் மக்கர் செய்தோ ஒரு தறி நின்றால், ஓட்டுகிறவர் போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். தகவல் கிளவுடில் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும். அடுத்த நொடியே மெக்கானிக் போனிலும் முதலாளி போனிலும் அந்தத் தறியின் பச்சை சிவப்பாகிவிடும்.

சொல்ல எளிது. முதலில் ஒவ்வொரு திரையும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்டது. ஒரே போனில் முதல் திரையில் தறி ஓடும், அடுத்த திரையில் அதே தறி நிற்கும். ஒரே வீட்டில் ஆளுக்கொரு கடிகாரம் வைத்த கதைதான். நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் டேட்டாபேஸ் சொல்வதைக் கேட்கச் செயலிக்குள் ஒரே ஒரு காது வைத்தாள். கேட்டதை, தறிகளின் நிலையைக் குறித்து வைக்கும் ‘ஸ்டேட்’ என்ற ஒரே இடத்தில் அது எழுதி வைக்கும். எந்தத் திரையானாலும் அங்கே பார்த்துத்தான் நிறம் மாற வேண்டும். அது சரியாக ஓடிய அன்று ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். சங்கரசுப்பு அந்த ரகம். செயலி ஊர்த் தறிகளில் ஓடத் தொடங்கியதும் தறி முதலாளிமார் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் செயலியின் முதல் பக்கத்தில் இசக்கிசெல்வி பெயர் இல்லை. ‘உருவாக்கம்: சங்கரசுப்பு’ என்று இருந்தது. அவள் கேட்டாள். கடையில் நாலு பேர் நிற்கும்போதே அவர் சொன்னார்.

“ஏட்டி, நீ டைப்புதான அடிச்ச? டைப் அடிக்கவ பேரப் போடணும்னா, கல்யாணப் பத்திரிகைல மாப்ள பேருக்கு மேல பிரஸ்காரன் பேரப் போடணும்.”

நாலு பேரும் சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆறு மாதம் கறுவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. ‘உங்கள் டேட்டாபேஸை இத்தனை போன்கள் பயன்படுத்துகின்றன’ என்றது. என் டேட்டாபேஸா? யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வேலை தொடங்கிய அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தே கால். கடைப் பெயரில் கணக்குத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டால், சங்கரசுப்பு பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பறந்தார். “பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிருமுட்டி! ஓம் மெயிலையே போட்டு ஆரம்பி, பெறவு மாத்திக்கிடலாம்.” அவள் போட்டாள். பிறகு யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

மொத்தத்தையும் அழிக்க ஒரு பொத்தான் போதும். விரல் அதன் மேல் போய் நின்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவளுக்குப் பொருந்தாது. ஆத்திரம் ஏற ஏற இவளுக்குப் புத்தி கூராகும். இப்போது அழித்தால் யார் செய்தது என்றே தெரியாது. தெரியாமல் வாங்கும் பழி என்ன பழி? செயலி நின்றால் அப்பா மெக்கானிக்குக்குக் காத்துக் கிடக்கவும் வேண்டும். கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் காத்திருந்த நாள் வந்தது. புளியங்குடி, வாசுதேவநல்லூர் முதலாளிகளுக்கும் செயலியைக் காட்டக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். தறிகளுக்கு அன்று விடுமுறை. காட்டுவதற்காக ஒரு தறிக்கூடத்தில் நாலு தறி மட்டும் ஓடின. இசக்கிசெல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்து, போனிலேயே ஒரு விதியை மாற்றினாள். இனி டேட்டாபேஸில் யாரும் எழுத முடியாது.

“இப்பம் ரெண்டாம் நம்பர் தறி நிக்கும், பாருங்க,” என்றார் சங்கரசுப்பு மைக்கில். பெரிய திரையில் நாலும் பச்சை. மறுபடி சொன்னார். பச்சை. தறிக்கூடத்துக்குப் போன் போட்டார். “தறி நின்னுட்டு அண்ணாச்சி. பொத்தான அமுக்குனா செவப்பு வந்துட்டு, ஒடனே பச்சையாயிருது,” என்று அங்கிருந்தவர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. மண்டபம் சிரித்தது. டவர் இல்லை என்றார். எல்லார் போனிலும் டவர் இருந்தது.

தறி முதலாளிகள் சங்கத் தலைவி நிர்மலாதேவி இருபத்து நாலு தறிக்குச் சொந்தக்காரி. “எழுதுனது நீங்கதான அண்ணாச்சி? சரி பண்ணுங்க, இருக்கோம்,” என்றார்.

சங்கரசுப்பு லேப்டாப்பைத் திறந்தார். எதைத் தொடுவது என்று தெரியவில்லை. சட்டை நனைந்துவிட்டது. நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் அவளைப் பார்த்தார். இறங்கி வந்தார்.

“செல்வி, மானத்த வாங்காதம்மா.”

“எங்கிட்ட எதுக்கு வாரிய? நான் டைப்புதான அடிச்சேன்?”

“என்னட்டி செய்யணும்ங்கிற?”

“மைக்குல சொல்லுங்க.”

போனார். “இத எழுதுனது இசக்கிசெல்வி. நான் இல்ல,” என்றார். குரல் எழும்பவில்லை.

“கடைசி வரிசைக்குக் கேக்கல அண்ணாச்சி,” என்றாள். அவர் உரக்கச் சொன்னார். அவள் விதியைத் திருப்பி மாற்றினாள். கூடத்தில் பொத்தானை அமுக்கியதும் இரண்டாம் தறி சிவந்தது. அவளுக்கு அப்படி இனித்தது. பாவம் என்று ஒரு துளி தோன்றவில்லை.

மண்டபம் மறுபடி சிரித்தது. நிர்மலாதேவி மட்டும் சிரிக்கவில்லை. அவளை முன்னால் கூப்பிட்டார். “கெட்டிக்காரிதான் நீ. இனி உன்னையவே பாத்துக்கிடச் சொல்லலாம்னு தோணுது. ஒண்ணு மட்டும் சொல்லு. நாளைக்கு எங்க மேல கோவம் வந்தா, இதே மாதிரி நிறுத்திருவியா?”

மாட்டேன் அக்கா என்று ஒரு வார்த்தை போதும். மூன்று ஊர்த் தறியும் அவள் செயலியில் ஓடும். எல்லா போனிலும் அவள் பெயர் இருக்கும். அவளுக்கும் அது தெரியும்.

“என் பேர அழிச்சா நிறுத்துவேன் அக்கா.”

“ஒருத்தரு பொய்க்காரரு, ஒருத்தி கோவக்காரி. ரெண்டு பேரும் நமக்கு வேண்டாம், இந்தச் செயலியும் வேண்டாம்,” என்று நிர்மலாதேவி எழுந்துவிட்டார்.

சங்கரன்கோவிலில் இப்போது தறி நின்றால் பழையபடி மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வருகிற வரை காத்திருக்கிறார்கள். சண்முகையாவும் காத்திருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் இசக்கிசெல்விக்கு வயிறு எரியும். ஆனாலும் அந்த மண்டபத்தில் மறுபடி உட்காரவைத்து, அதே கேள்வியைக் கேட்டால், அதே பதிலைத்தான் சொல்வாள்.