எண்ணெய் மாத்திரையும் என் தொடை எலும்பும்

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ஒரு வேப்பமரத்தில் மோதி நின்ற லாரியிலிருந்து என்னைக் கடப்பாறை வைத்து நெம்பித்தான் வெளியே எடுத்தார்கள். இடது தொடை எலும்பு இரண்டாகிவிட்டிருந்தது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி செருகி, தையல் போட்டு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எலும்பு தானாகச் சேர்ந்துகொண்டால் பழையபடி கிளட்ச் மிதிக்கலாம். சேராவிட்டால் மறுபடியும் அறுத்து, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைக்கவேண்டும். அதற்குப் பிறகு கனரக வண்டி ஓட்டும் பேச்சை மறந்துவிடலாம்.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குப்பம் ஊரில் கிரானைட் பாலீஷ் போட்டேன், சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையில் கொட்டை அள்ளினேன், திருப்பதியில் லாட்ஜில் பெட்ஷீட் மாற்றினேன். பிறகு கிளீனர், அப்புறம் டிரைவர். ஓர் ஊரில் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் இருந்ததில்லை. லாரி கிடைத்த பிறகுதான் எனக்கு ஒரு வேலை நிலைத்தது. ஏனென்றால் அதில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் மாறும். அப்படிப்பட்டவனை நகரியில் மாமியார் வீட்டில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினமும். வாரம் ஒரு தடவை வைட்டமின் டி பொடி ஒரு பொட்டலம். அதைச் சூடான பாலில் கலந்து குடிக்கவேண்டும். மற்றபடி என் வேலை சாப்பிடுவது மட்டும்தான். காலையில் கேழ்வரகுக் களி, மதியம் ஒரு மலை சோறு, ராத்திரி இன்னொரு மலை. உடம்பு ஊதியது. அடுத்த வீட்டுத் தறிக்கூடத்தில் நூல் மூட்டை எடை போடும் இரும்புத் தராசு உண்டு. அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு போய் அதில் ஒரு நாள் ஏறி நின்றேன். முள் போன இடத்தைப் பார்த்துத் தறிக்காரர், "இன்னா டிரைவரே, லாரியையும் சேத்து நிக்க வெச்சிட்டியா?" என்றார்.

எடை ஒரு பிரச்சினையானதற்குக் காரணம் என் மனைவியின் வேண்டுதல். என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, ஆள் உயிரோடு வெளியே வந்தால் அவன் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று திருப்பதி மலையப்பனிடம் சொல்லிவிட்டாள். துலாபாரம். தராசின் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் வெல்லம். எங்கள் பக்கம் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் உட்காரவைப்பார்கள். மீசை வைத்த ஆம்பிளை உட்கார்ந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

"நான் வேண்டிக்கினப்ப நீ ஒல்லியாத்தானே இருந்த மாமா," என்று ஒரு நாள் மனைவி கவலையாகச் சொன்னாள். "அந்த எடையத்தான் நான் மனசுல வெச்சிக்கினேன்."

என் மாமியார் எனக்கு அத்தை முறை. அதனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "சாமி இவன் உயிர மட்டுந்தான்டி திருப்பிக் குட்த்தாரு," என்றார். "மீதி எல்லாம் நான் போட்ட சோறு. அதுக்கும் சேத்து சாமிக்கே வெல்லம் போவுது பாரு!"

அவர்கள் சிரித்தார்கள். நான் யோசித்தேன். வேண்டிக்கொண்ட எடை எதுவோ அதற்கு இறங்கிவிட்டால் சாமிக்கும் சரி, எனக்கும் சரி. கணக்கு நியாயமாகத்தான் பட்டது. மலைக்குப் போவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அடுத்த முறை திருப்பதிக்குத் தையல் இடத்தைக் காட்டப் போனபோது, லாட்ஜ் காலத்து நண்பன் ஒருவனைப் பார்த்தேன். ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் நீல நிறக் குளிகை அட்டை ஒன்றை எடுத்துவந்தான்.

"டாக்டரு சீட்டு இல்லாம குட்க்கக் கூடாது. நமக்குள்ள இன்னா! துன்றதுல கீற கொழுப்ப இது ஒடம்புல ஒட்ட வுடாது. சாப்பாட்டோட போடு. வவுறு கொஞ்சம் லூசாவும், அவ்ளோதான்."

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. களியும் கீரையும் சோறும் சாப்பிடுகிறவனுக்கு என்ன நடக்கும்? மருந்து போலி என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஆட்டுக்கறி வறுத்தார். கூடவே கறிக்குழம்பில் ஊறிய வடை. மறுநாள் காலை கழிப்பறையில் தண்ணீர் மேல் செம்மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. பஜ்ஜிக் கடை வாணலியைக் கழுவி ஊற்றியதுபோல.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு! கொழுப்பு கரைஞ்சி போய்க்கினு கீது!"

"சீ! இத்தப் பாக்கவா என்ன அட்ப்பாண்டருந்து கூப்டுற?"

"ஒடம்புல கீற கொழுப்பு முதல்ல கரையட்டும்," என்று மாமியார் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "வாயில கீறதுக்கு இன்னா மாத்திரன்னு அப்பால கேட்டுக்கினு வா."

தொப்பையில் இருப்பதுதான் உருகி வெளியே வருகிறது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. எண்ணெய் அதிகம் சாப்பிட்ட நாளில் அதிகம் வந்தது, சாப்பிடாத நாளில் வரவில்லை. அதனால் மருந்துக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். பூரி கேட்டேன். வாழைக்காய் பஜ்ஜி கேட்டேன். களியின் நடுவே குழி செய்து நெய் ஊற்றச் சொன்னேன். உடம்பு இளைக்க நெய் கேட்கிற மனுஷனை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் 'வயிற்று உபாதை' என்று ஒரு வார்த்தையில் தாண்டிப்போய்விடுகிறார்கள். காற்றுப் பிரியும் என்று நினைத்தால் கூடவே எண்ணெயும் பிரியும். அது நமக்குத் தெரியாமலே நடக்கும், லுங்கியைப் பார்த்துத்தான் தெரியும். சோப்பில் அந்தக் கறை போகாது. என் மனைவி வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்துப் பார்த்தாள், முடியாமல் பழைய லுங்கிகளாகத் தேடி எனக்கென்று ஒதுக்கிவிட்டாள். இருமப் பயம், தும்மப் பயம். போகவேண்டும் என்று தோன்றினால் அந்த நொடியே போகவேண்டும். இரண்டு கால் உள்ளவனுக்கே அது ஓட்டப் பந்தயம். எனக்கு ஒரு காலும் இரண்டு கட்டையும்.

இவ்வளவுக்கும் தராசு முள் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது. சோறு குறையவில்லையே.

புத்தூரில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பிரியாணி. குளிகையைப் போட்டுக்கொண்டு, தைரியமாக இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலை அவசரம் வந்தது. கட்டைகளைத் தூக்கிப் போட்டு நடந்தேன். கழிப்பறை வாசலில் ஒரு கட்டை வழுக்கியது, நான் இடது பக்கமாகவே விழுந்தேன்.

வலியில் கண் இருட்டியபோது ஒரே நினைவுதான். கம்பி வளைந்திருக்கும், இனி லாரி இல்லை. மாமியார் ஓடிவந்தார். ஒரு கிண்டல் வார்த்தை வரவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது. தறிக்காரர் ஆள் கூட்டிவந்து என்னைப் பலகையில் தூக்கி வேனில் ஏற்றினார்.

திருப்பதியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கம்பி வளையவில்லை, புதிதாக எதுவும் உடையவும் இல்லை. என் மனைவி அங்கேயே கைகூப்பினாள். ஆனால் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் எலும்புக்கு நடுவே அதே கறுப்புக் கோடு. இத்தனை மாதத்தில் அந்த இடத்தில் வெள்ளையாகப் பாலம் கட்ட ஆரம்பித்திருக்கவேண்டுமாம்.

அவருக்குத் தமிழ் நன்றாக வரும். கோபம் மட்டும் தெலுங்கில் வரும். "பொடி தாகுதுன்னாவா லேதா?" என்றார். குடிக்கிறாயா இல்லையா?

"வாரம் தவறாம சார். காலையில டிபனோட, பால்ல."

"பீடி?"

"உட்டு ரொம்ப நாளாச்சி சார்."

"வேற என்ன மாத்திரை போடற?"

"நீங்க குட்த்ததுதான்," என்றேன். எண்ணெய்க் குளிகையை நான் மருந்துக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. என் மனைவி வைத்திருந்தாள். பையிலிருந்த எல்லா அட்டைகளையும் மேஜைமேல் கொட்டினாள். நீல அட்டையைப் பார்த்ததும் டாக்டர், "இதேமய்யா இதி?" என்றார். என்னய்யா இது? அவர் குரலைக் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தமிழுக்கு வந்து, பொறுமையாகச் சொன்னார். அந்தக் குளிகை தொப்பையைத் தொடுவதே இல்லை. சாப்பாட்டில் உள்ள எண்ணெயில் ஒரு பங்கைச் செரிக்கவிடாமல் அப்படியே வெளியே தள்ளுகிறது. நான் பார்த்துச் சந்தோஷப்பட்டது முந்தின நாள் பஜ்ஜி எண்ணெயைத்தான். சோற்றையும் களியையும் அது ஒன்றும் செய்யாது. வைட்டமின் டி கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். கொழுப்பைத் தள்ளும்போது அதையும் சேர்த்துத் தள்ளிவிடும். நான் பொடியைக் குடித்ததும் குளிகையை விழுங்கியதும் ஒரே சாப்பாட்டோடு.

"அப்ப இதனாலதான் எலும்பு சேரலயா சார்?" என்று மனைவி கேட்டாள்.

"இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. எலும்பு லேட் ஆக பத்து காரணம் இருக்கு. ஆனா இது ஒரு காரணம், நீங்களே காசு குடுத்து வாங்கினது. மொதல்ல ரத்தம் பாக்கலாம்."

பார்த்தார்கள். அந்தச் சத்து ரத்தத்தில் அடிமட்டத்தில் இருந்தது.

குளிகை விஷமில்லை என்றும் அவர் சொன்னார். சரியான ஆளுக்கு, டாக்டர் பார்வையில், எண்ணெய் குறைத்த சாப்பாட்டோடு, சத்து மாத்திரையைத் தனியாகப் படுக்கும் நேரத்துக்கு வைத்துக் கொடுப்பது உண்டு. ஆனால் தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் தொட்டால் அந்த மருந்துகளின் அளவே மாறிப்போகும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சிலருக்குச் சிறுநீரகத்தில் கல் வரும். அபூர்வமாகக் கல்லீரல் கெடும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு ஓடிவரவேண்டும். என்னைப் பொறுத்தவரை பேச்சே இல்லை என்று அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டார். அடுத்த படத்தில் பாலம் தெரியாவிட்டால் மறுபடியும் அறுப்பதுதான் வழி என்றார்.

திரும்பும் வழியில் வேனை மருந்துக் கடையில் நிறுத்தச் சொன்னேன்.

"தொட ஒடஞ்சி மருந்து துன்னுகினு கீறன்னு நீ சொல்லவே இல்லியேடா?" என்றான் நண்பன்.

"ரெண்டு கட்டைய வெச்சிக்கினு உன் எதுர்ல நின்னேனேடா! டான்ஸ் ஆட வந்தேன்னு நெனச்சியா?"

அதற்குமேல் நான் திட்டவில்லை. கேட்காதவன் அவன், சொல்லாதவன் நான், இருவருக்கும் அந்த அட்டை ஒரு சாக்லேட் மாதிரிதான் தெரிந்திருக்கிறது.

குளிகையை நிறுத்திய சில நாட்களில் எண்ணெய் நின்றது. பொடியின் அளவைக் கூட்டினார்கள். மதியச் சோறு பாதியானது. அந்தப் பாதியில் பருப்பும் முட்டையும் வந்தன. கட்டிலில் உட்கார்ந்தபடியே நூல் கண்டுகளைக் கையில் பிடித்துத் தூக்கிப் பயிற்சி செய்தேன். எடை மெதுவாக இறங்கியது, கழிப்பறையில் காட்சி எதுவும் இல்லாமல்.

மலைக்குப் போகும் நாள் எடை முழுசாக இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. தள்ளிப்போடலாமா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி. "நான் கேட்டது ஆளு. ஆளு முழுசா வந்துகீது. அது எவ்ளோ இருந்தாலும் குட்த்துட்டு வர்றதுதான்."

தட்டில் உட்கார்ந்தேன். வெல்லம் ஏறிக்கொண்டே இருந்தது, என் தட்டு அசையவில்லை. பின்னால் ஒரு பாட்டியம்மா தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்புச் சத்தம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாமியிடம் இனி பாக்கி இல்லை. படம்தான் பாக்கி.

மாம்பூ விடும் காலத்தில் அடுத்த படம் எடுத்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் கோட்டின் ஒரு விளிம்பில் புகைபோல் வெள்ளை. "ஒச்சிந்தய்யா," என்றார். வந்துவிட்டது. அதற்கடுத்த படத்தில் அது புகையாக இல்லை, எலும்பாகவே இருந்தது. ஒரு கட்டையை விட்டேன், பிறகு இன்னொன்றை.

சித்தூரில் பழைய முதலாளியின் லாரிக் கொட்டகைக்குப் போனேன். "மொதல்ல மிதி பாக்கலாம்," என்றார். ஏறி உட்கார்ந்து இடது காலைக் கிளட்சில் வைத்து அழுத்தினேன். வலித்தது. முழுக்க உள்ளே போனது. திரும்பத் திரும்ப மிதித்துக் காட்டினேன். சாவியைக் கொடுத்தார்.

குப்பத்துக்கு சிமெண்ட் லோடு. மொகிலி மலைப்பாதையில் கியர் மாற்றி மாற்றி ஏறவேண்டும், கிளட்சுக்கு ஓய்வே கிடையாது. மேலே ஏறி, பலமனேரைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது போன் வந்தது.

"எங்க கீற மாமா?"

"பலமனேரு தாண்டிக்கினு கீறேன்."

"துன்னியா?"

"ரெண்டு இட்லி."

"காலு எப்பிடி கீது?"

"வலிக்குது. வண்டி போவுது."