கிருத்திகையன்று கட்டில் போன இடம்

எழுபதுகளில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தை நடத்திவந்தேன். அரசு மானியம் வந்தால்தான் உலையில் அரிசி விழும். மானியத்தோடு ஒரு விதியும் வந்தது. தானாக எழுந்து நடமாடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். படுத்துவிட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். முதியோருக்கு இல்லம் என்று பெயர் வைத்துவிட்டு, முதுமை முற்றினால் வெளியே போ என்று எழுதியவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் இன்றைக்கும் விடமாட்டேன்.

அவன் கிடைக்கவில்லை. அந்த விதியைத் தூக்கிக்கொண்டு வந்த அதிகாரி கிடைத்தார்.

மாவட்டத் தலைநகரிலிருந்து அவர் ஆய்வுக்கு வருவது எப்போதும் கிருத்திகையன்றுதான். அரசு ஜீப், பயணியர் மாளிகையில் அறை, மலைமேல் தரிசனம், மத்தியானம் இலைச்சாப்பாடு, எல்லாம் அரசாங்கச் செலவில், கேம்ப் கணக்கில் சேர்ந்துவிடும். நடுவில் எங்களிடம் வந்து கிழவர்களை வரிசையாக நடக்கவிட்டுப் பார்ப்பார்.

அப்படி ஒரு கிருத்திகையில் ஆர்.கே.பேட்டைப் பெரியவர் ஒருவர் எழ முடியாமல் கிடந்தார். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இல்லாட்டா மானியம் நின்னுடும்" என்றார் அதிகாரி. அனுப்பினேன். அங்கே, நோய் ஒன்றும் இல்லை, வயதுதான் என்று சொல்லிக் கட்டில் தரவில்லை. விஷயம் தெரிந்து நான் ஓடுவதற்குள் வராந்தாவில் கிடந்தே செத்துப்போயிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிறகு எங்கள் இல்லத்தில் இருந்த பொதட்டூர்பேட்டை அம்மா வழுக்கி விழுந்தாள். தறியில் உட்கார்ந்தே வயதானவள். இப்போது இடுப்பு போய்விட்டது. கிருத்திகை நெருங்கியது.

"என்னியும் அந்த வராந்தாவுலதான் போடப் போறியா?"

வேறு இடத்தில் போடப்போகிறேன் என்று சொல்லி, இடத்தையும் சொன்னேன். சிரித்தாள். "ஆங், அங்கயே போடு. நல்லா நடுவுல போடு."

கிருத்திகை மத்தியானம் பஸ் ஸ்டாண்டு கூலிக்காரர்கள் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பயணியர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். அதிகாரி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இலைமுன் உட்கார்ந்திருந்தார். கட்டிலை அந்த இலைக்கு எதிரே இறக்கச் சொன்னேன்.

"என்னம்மா இது?"

"நடக்க முடியாதவங்க இல்லத்துல இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில வயசுக்குக் கட்டில் இல்லன்னுட்டாங்க. அதான் உங்ககிட்டயே கொண்டாந்துட்டேன் சார்."

எழுந்து போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எனக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னார்கள். வாசலில் காவடிக் கூட்டம் எட்டிப்பார்த்தது.

"நீ துன்னு நைனா, சோறு ஆறிக்கினு கீது" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

"தயவுசெஞ்சு இல்லத்துக்கே கூட்டிட்டுப் போங்கம்மா."

"மானியம் சார்?"

"நிக்காது. நான் பாத்துக்கறேன்."

கூட்டத்தின் காதில் விழும்படி இன்னொரு தரம் உரக்கச் சொல்லவைத்தேன். அதில் எனக்குக் கிடைத்த சுகத்தை மறைக்கப்போவதில்லை.

விதி மாறவில்லை. அதிகாரி மட்டும் கிருத்திகையை விட்டுவிட்டு வேறு நாட்களில் வரத் தொடங்கினார். எந்த நாளில் வந்தால் என்ன? ஜீப் சத்தம் கேட்டதும் அவளுடைய கட்டிலை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுவிடுவேன்.

"வா நைனா. ஆஸ்பத்திரி வராந்தாவுல கட்டில் போட்டாச்சா?" என்று கேட்பாள்.

தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் இல்லம்மா" என்பார். அவர் வாயால் அதைச் சொன்ன பிறகுதான் கட்டிலை நகர்த்துவேன்.