முத்துகிருஷ்ணன் சட்டையில் ஒரு பதக்கம்

முத்துகிருஷ்ணனுக்கு நாய் என்றால் பயம். ஊசி என்றால் பயம். பஸ் தன் ஊரில் நிற்காமல் போனால் நடத்துநரிடம் சத்தம் போடப் பயந்து, அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்து வருவார். சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்குச் சற்று இப்பால் அவர் ஊர். பதினோரு ஏக்கர் நிலம் உண்டு. பாதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மீதியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். அறுபத்தொரு வயதுவரை அவர் செய்த காரியம் என்று ஊர் ஒன்றைத்தான் சொல்லும். சுதந்திர தினமானாலும் காதணி விழாவானாலும் வெள்ளைச் சட்டையின் இடது மார்பில் வீரப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார்.

பதக்கம் அவர் வாங்கியது அல்ல. அவருடைய தாத்தா சோணைமுத்து வாங்கியது. செத்தவரின் பதக்கத்தை வாரிசு அணிவதானால் வலது மார்பில் அணிவதே முறை என்று ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் ஒரு விழாவில் சொன்னார். அன்றிலிருந்து முத்துகிருஷ்ணன், அந்த ராணுவக்காரர் வரும் விழாக்களுக்கு மட்டும் வலது பக்கம் குத்திக்கொண்டு போகிறார்.

பதக்கத்தின் கதையிலும் நெஞ்சு நிமிர்த்த அதிகம் இல்லை. 1907இல் பிரிட்டிஷ் அரசர் அதை ஏற்படுத்தினார். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தரும் விக்டோரியா சிலுவையை இந்தியச் சிப்பாய்க்குத் தருவதில்லை என்ற காலம். குண்டு இருவரையும் ஒன்றுபோலத்தான் கொன்றது. பதக்கம் மட்டும் வேறு. இந்தியருக்கென்று ஏற்கெனவே ஓர் உயர்ந்த விருது இருந்தது. அதற்கு எட்டாத வீரத்துக்கு இது. இந்தியச் சிறப்புப் பணிப் பதக்கம் என்று பெயர். வீரத்தைக்கூடப் பணி என்றுதான் அவர்களுக்குச் சொல்ல வந்தது. வெள்ளி வட்டம், ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் இலை வளையம், விளிம்பில் வாங்கியவன் பெயர். நாற்பது வருடம் கொடுத்தார்கள். நாற்பத்தேழில் கொடுத்தவர்கள் கப்பலேறியதும் அதுவும் நின்றுபோனது.

சோணைமுத்து இரண்டாம் உலகப்போரில், பர்மாவில் ஓர் ஆற்றில், எதிர்க்கரையிலிருந்து ஜப்பான்காரர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் அக்கரையில் ஒரு மரத்தில் அதை முடிச்சிட்டார். அந்தக் கயிற்றைப் பிடித்து மற்றவர்கள் கடந்தார்கள். ஊருக்கு வந்தபின் ஒருமுறை கேட்டவர்களிடம், "நடு ஆத்துக்குப் போயிட்டேன். திரும்புனாலும் அதே தூரந்தான்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் பதக்கத்தை அணிந்தும் யாரும் பார்த்ததில்லை.

பேரன் சொன்னால் ஆறு கடல் அகலத்துக்கு விரியும். கதை முடிய முக்கால் மணி நேரம் ஆகும். டீக்கடையில் அவர் தொண்டையைச் செருமினாலே பெஞ்சு காலியாகும். வீட்டில் அவர் "எங்க தாத்தா" என்றதும் மனைவி முருகலட்சுமி, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போவாள். அடுப்பு அணைந்துதான் இருக்கும்.

அவர் நிலத்துக்குக் கிழக்கே இருளம்மாளின் மூன்று ஏக்கர். குண்டு மிளகாய் போட்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். அந்த நிலத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. நிலத்தின் கடற்பக்கம் ஒரு வாய்க்கால் இருந்தது. மழைத் தண்ணீர் வெளியேற ஊர்க்காரர்களே வெட்டியது. அரசாங்க வரைபடத்தில் கிடையாது. அதற்கு அப்பால் அய்யப்பன் என்பவர் இறால் பண்ணை வைத்தார். குளத்தைப் பெரிதாக்கியபோது வாய்க்காலைத் தூர்த்து அதன்மேலேயே கரையைப் போட்டார். குளத்து உப்புத் தண்ணீர் கசிந்து, போக வழியில்லாமல் மிளகாய்க் காட்டில் நின்றது. இருளம்மாள் மனுக்கொடுத்தாள். அப்படி ஒரு வாய்க்காலே இருந்ததில்லை என்று அய்யப்பன் எழுதிக் கொடுத்தார். வட்டாட்சியர் நேரில் வந்து பார்ப்பதாகவும், பக்கத்து நிலக்காரரை விசாரிப்பதாகவும் தகவல் வந்தது. பக்கத்து நிலக்காரர் முத்துகிருஷ்ணன். இருளம்மாளுக்குப் பங்காளி வகையில் சித்தப்பா முறை.

அவள் அவர் வீட்டுக்குப் போனாள். இருந்ததை இருந்தது என்று சொன்னால் போதும் என்றாள். அவர், அதிலென்ன, நான் பார்க்காத வாய்க்காலா என்றார். புறப்படும்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சித்தப்பா, அந்தப் பதக்கத்தையும் குத்திக்கிட்டு வாங்க. நாங்க பத்துப் பொம்பளைக கத்துறதுக்குப் பதிலா, அது ஒண்ணு இருந்தா காது குடுத்துக் கேப்பாக."

அவர் தலையசைத்தார். அவரைத் தேடி வந்து பதக்கத்தோடு வரச்சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இரண்டு நாள் கழித்து அய்யப்பன் வந்தார். ஊர் எதிர்பார்த்தது மிரட்டலை, அல்லது பணத்தை. இரண்டும் தேவைப்படவில்லை. அய்யப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அய்யாவோட தாத்தா பெரிய வீரராமே என்று கேட்டார். முக்கால் மணி நேரமும் கேட்டார். நடுவில் போனை எடுக்கவில்லை. ஆற்றின் ஆழம் எவ்வளவு என்றுகூடக் கேட்டார். முடிந்ததும் பதக்கத்தோடு முத்துகிருஷ்ணனை நிற்கவைத்து, பக்கத்தில் தானும் நின்று படம் எடுத்துக்கொண்டார். வாய்க்காலைப் பற்றிப் பேசவே இல்லை. சாயங்காலம் அந்தப் படம் அய்யப்பனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. முத்துகிருஷ்ணன் அதை வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். முருகலட்சுமி மட்டும் வாங்கிப் பார்க்கவில்லை.

விசாரணை அன்று அவர் பதக்கம் இடது மார்பில் இருந்தது. வட்டாட்சியர் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மிலிட்டரிக் குடும்பமா என்று கேட்டு, தனக்குப் போட்ட நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னார். இருளம்மாள் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். தான் நினைத்தது பலித்துவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

வாய்க்கால் இருந்ததா என்று வட்டாட்சியர் கேட்டார்.

முத்துகிருஷ்ணன் அய்யப்பனைப் பார்த்தார். அய்யப்பன் மரியாதையாகக் கைகட்டி நின்றார்.

"மழைக்குத் தண்ணி ஓடுன தடம் இருந்திருக்கலாம். வாய்க்கான்னு நான் ஒண்ணும் பாக்கல."

இருளம்மாளுக்கு உடனே விளங்கவில்லை.

"சித்தப்பா, உங்க எருமை அதுலதான விழுந்துச்சு? ஊரே கூடிக் கயிறு போட்டு இழுத்தமே."

"எருமை எங்கன வேணாலும் விழும்" என்றார் முத்துகிருஷ்ணன்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வட்டாட்சியர் கையைக் காட்டி அடக்கினார். வீரப் பதக்கம் வாங்கிய குடும்பத்துப் பெரியவரே சொல்கிறார், நீங்கள் ஏன் சத்தம் போடுகிறீர்கள் என்று பொறுமையாகவே கேட்டார். பிறகு எழுதிக்கொண்டார். இருளம்மாள் அந்தப் பதக்கத்தைப் பார்த்தாள். அதைக் குத்திக்கொண்டு வரச்சொன்னது அவள்தான்.

ஜீப் போனபின் அவள் அவரிடம் வந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் கழட்டி வச்சிருங்க சித்தப்பா. உங்க வேர்வை பட்டா வெள்ளி கறுத்துப்போகும்."

அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அப்படியே முருகலட்சுமியிடம் சொல்லி, திருநீறு போட்டுத் துலக்கித் தரச் சொன்னார். முருகலட்சுமி, நீங்களே துலக்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

மிளகாய்ச் செடிகள் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தன. சித்திரையில் நிலம் உப்புப் பூத்தது. இருளம்மாள் இன்னொரு மனுக்கொடுத்தாள். முன்பே விசாரித்து முடித்தாயிற்று என்று பதில் வந்தது. ஆடியில் அவள் அய்யப்பனின் பண்ணையில் இறால் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வயசுக்கு நடந்துபோகும் தூரத்தில் வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் பதினைந்துக்குப் பண்ணையில் கொடியேற்ற முத்துகிருஷ்ணனை அழைத்தார்கள். கொடியேற்றினார். சால்வை போட்டார்கள். பிறகு அவர் பேச்சு தாத்தாவோடு பர்மாவுக்குப் போனது. வேலைக்காரர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அய்யப்பன் இந்தமுறை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோணைமுத்து அக்கரை சேர்வதற்குள் அன்றைய இறால் லாரி வந்துவிட்டது. வரிசை கலைந்தது.

இருளம்மாள் தலையில் ஐஸ் பெட்டியோடு அவரை நோக்கி வந்தாள். நிலத்தைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் நினைத்தார். அரசாங்கத்தில் கேட்டதற்குப் பதில் சொன்னேன், என்மேல் என்ன தப்பு என்று ஒரு பதிலைத் தயார் செய்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. லாரிக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிருங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார்.